டென்டல் ரெசிடென்சி மேட்ச்: லிஸ்ட்டில் யாரை முதலில் போடுவது?

அமெரிக்காவில் பல் மருத்துவ மேற்படிப்பான ரெசிடென்சிக்குப் பல துறைகளில் சீட் கிடைப்பது மேட்ச் மூலம்: இன்டர்வியூ முடிந்ததும் நாம் பிடித்த வரிசையில் ஒரு லிஸ்ட் கொடுப்போம், காலேஜ்கள் தங்கள் லிஸ்ட்டைக் கொடுக்கும், கம்ப்யூட்டர் இரண்டையும் பொருத்தும். அங்கே ஆர்த்தோ (பல் சீரமைப்பு), பீடோ (குழந்தைகள் பல் மருத்துவம்), ஓரல் சர்ஜரி என்று அப்ளை செய்துவிட்டு மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கும் பிடிஎஸ் பிள்ளைகளிடம் பேசினால் நாலு வசனங்கள் திரும்பத் திரும்பக் காதில் விழும். "முதல் சாய்ஸாகப் போடாவிட்டால் அந்த காலேஜ் நம்மை எடுக்காது." "எங்கே கிடைக்கும்னு தோணுதோ அதைத்தான் மேலே போடணும்." "ஒரு இன்டர்வியூ வந்துட்டா பாதி சீட் கையில்." "செப்டம்பர் வரைக்கும் அழைப்பு வரலையா, அப்போ அவ்வளவுதான்."

இதில் மூன்றாவது ஆசை, நான்காவது பயம். இரண்டையும் விட்டுவிடலாம், யாருக்கும் பெரிய நஷ்டம் இல்லை. முதல் இரண்டுதான் ஆபத்து. அதை நம்பி லிஸ்ட் போட்டால் கிடைக்க வேண்டிய நல்ல சீட்டை நாமே தள்ளிவிடுவோம். ஏன் என்று புரிய ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். கடினமான கணக்கு இல்லை, ஆனால் அதற்கு முன்னால் சில பெயர்களைச் சரிசெய்துகொள்வோம்.

## எந்த வாசலில் நிற்கிறோம்?

பாஸ், கேப்பிட் என்று இரண்டு இணைய விண்ணப்பங்கள் உண்டு. இரண்டையும் நடத்துவது ஏடிஇஏ என்ற அமெரிக்கப் பல் மருத்துவக் கல்விச் சங்கம். ஒரே வீட்டுப் பிள்ளைகள் என்பதால் நம் ஆட்கள் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

கேப்பிட் என்பது வெளிநாட்டில் பிடிஎஸ் முடித்தவர்கள் அங்கே டிடிஎஸ் அல்லது டிஎம்டி பட்டத்தை இரண்டு மூன்று வருடத்தில் வாங்குவதற்கான வழி. அதாவது அடிப்படைப் பட்டத்தையே மறுபடி வாங்குவது. பாஸ் என்பது ரெசிடென்சிக்கு, அதாவது பட்டம் முடித்த பிறகான பயிற்சிக்கு. கேப்பிட் வழியாக ஆர்த்தோ சீட் கிடைக்காது. பாஸ் வழியாகப் போய் ஆர்த்தோ முடித்தவர் எல்லா மாநிலத்திலும் லைசென்ஸ் வாங்கிவிடலாம் என்பதும் இல்லை. சில மாநிலங்களில் ரெசிடென்சி இருந்தாலே போதும், சில மாநிலங்கள் அமெரிக்கப் பட்டம் எங்கே என்று கேட்கும். இதை அப்ளை செய்வதற்கு முன்னால் பார்க்காமல், மூன்று வருடம் படித்து முடித்துவிட்டுத் தேடுபவர்களும் இருக்கிறார்கள்.

ரெசிடென்சி என்ற சொல்லும் தாராளமாகப் புழங்குகிறது. அங்கே அங்கீகரிக்கப்பட்ட பல் மருத்துவச் சிறப்புத் துறைகள் 12. பல் மயக்கவியல் 2019-இலும், ஓரல் மெடிசின், முக வலி இரண்டும் 2020-இலும் அந்தப் பட்டியலில் சேர்ந்தன. ஜிபிஆர், ஏஇஜிடி என்ற இரண்டு பயிற்சிகளும் ரெசிடென்சிதான், ஆனால் சிறப்புத் துறை அல்ல. பொதுப் பல் மருத்துவத்தில் பெரும்பாலும் ஒரு வருடம் கூடுதலாகத் தேர்ச்சி பெறுவது. முன்னது பெரும்பாலும் மருத்துவமனையில், பின்னது பெரும்பாலும் கல்லூரி கிளினிக்கில். "ரெசிடென்சி கிடைச்சிடுச்சு" என்று யாராவது சொன்னால் எது என்று கேட்டுவிட்டு வாழ்த்துங்கள்.

காசு விஷயத்தையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். ஓரல் சர்ஜரி, ஜிபிஆர் போன்ற மருத்துவமனைப் பயிற்சிகளில் பெரும்பாலும் சம்பளம் உண்டு. ஆர்த்தோ, எண்டோ (பல் வேர் சிகிச்சை), பெரியோ (ஈறு சிகிச்சை), ப்ராஸ்தோவில் (செயற்கைப் பல்) பல கல்லூரிகள் நம்மிடமிருந்து ஃபீஸ் வாங்கும், அதுவும் கொஞ்சநஞ்சமல்ல.

## ஒரு ரேங்கில் முடிகிற கதை இல்லை

நம் ஊர் பல் மருத்துவ மேற்படிப்புக்கான நீட் எம்டிஎஸ் தேர்வுக்குப் பழகியவர்களுக்கு இதுதான் பெரிய அதிர்ச்சி. அங்கே எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைக்கும் ரேங்க் கிடையாது. ஐஎன்பிடிஇ என்ற தேசியத் தேர்வு 500 கேள்விகளோடு இருக்கிறது. தேறியவருக்கு "தேர்ச்சி" என்று மட்டும்தான் வரும், மார்க் வராது. பழைய என்பிடிஇ தேர்வும் 2012-இலேயே மார்க்கை நிறுத்திவிட்டது. அப்படியானால் ப்ரோக்ராம்கள், அதாவது ரெசிடென்சி நடத்தும் இடங்கள், ஆளை எப்படிப் பிரித்துப் பார்ப்பது? அந்த இடைவெளியை நிரப்பத்தான் 2016-இல் ஏடாட் என்ற தேர்வு வந்தது. 200 முதல் 800 வரை மதிப்பெண். சில ப்ரோக்ராம்கள் கட்டாயம் என்கின்றன, சில இருந்தால் நல்லது என்கின்றன, சில கண்டுகொள்வதே இல்லை. ஓரல் சர்ஜரிக்கு மட்டும் தனியாக சிபிஎஸ்இ என்று ஒரு தேர்வு உண்டு. பெயரைப் பார்த்துப் பள்ளிக்கூட ஞாபகம் வர வேண்டாம், இது எம்பிபிஎஸ் பிள்ளைகள் படிக்கும் அடிப்படை அறிவியல் முழுவதையும் கேட்கும்.

இவற்றோடு கல்லூரி மதிப்பெண், எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று நாமே எழுதும் கட்டுரை), பேராசிரியர்களின் சிபாரிசுக் கடிதங்கள், டீன் தரப்பிலிருந்து ஒரு மதிப்பீடு, வெளிநாட்டுப் பட்டம் என்றால் டிரான்ஸ்கிரிப்டை (மதிப்பெண் பதிவை) இசிஇ அல்லது டபிள்யூஇஎஸ் என்ற நிறுவனம் சரிபார்த்துத் தரும் அறிக்கை, எல்லாம் ஒரே ஃபைலாகப் போய்ச் சேரும். சிபாரிசுக் கடிதத்தில் ஒரு நடைமுறை விஷயம்: "இவர் கடின உழைப்பாளி, ஒழுக்கமானவர்" என்று ஹெச்ஓடி (துறைத் தலைவர்) கையெழுத்திட்ட கடிதத்தைவிட, நீங்கள் எந்த கேஸில் எங்கே திணறினீர்கள், பிறகு எப்படிச் சமாளித்தீர்கள் என்று எழுதும் அவருக்குக் கீழே இருக்கும் ஒரு சாதாரண ஆசிரியரின் கடிதம் மேல். ஹெச்ஓடி கையெழுத்துக்காக மூன்று வாரம் அறைக்கு வெளியே நிற்பது நம்மிடம் ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: ரெசிடென்சிக்கு பாஸ் என்ற விண்ணப்பம், அதில் ஒரே மதிப்பெண் எதையும் முடிவு செய்யாது, ஒவ்வொரு ப்ரோக்ராமும் தன் கண்ணால்தான் பார்க்கும்.

## அழைப்பு ஏன் தாமதமாகிறது?

விண்ணப்பம் திறப்பது மே மாதம். பெரும்பாலான ப்ரோக்ராம்களின் கடைசித் தேதி ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை சிதறிக் கிடக்கும். அதன் பிறகு இன்டர்வியூ. படிப்பு தொடங்குவது பெரும்பாலும் அடுத்த வருடம் ஜூலையில். ஆக, ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் விவகாரம் இது, அதில் பாதிக்கு மேல் காத்திருப்பு.

அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். ப்ரோக்ராம் டைரக்டர் என்பவர் பாடம் எடுப்பவர், கிளினிக்கில் நோயாளி பார்ப்பவர், மீதி நேரத்தில் ஃபைல் படிப்பவர். அவரோடு இரண்டு மூன்று ஆசிரியர்கள். சில இடங்களில் ஃபைல் வர வரப் படிப்பார்கள், சில இடங்களில் கடைசித் தேதி முடிந்த பிறகுதான் கட்டைப் பிரிப்பார்கள். உங்கள் நண்பருக்கு ஒரு இடத்திலிருந்து அழைப்பு வந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை என்றால் உங்களை நிராகரித்துவிட்டார்கள் என்றும் இருக்கலாம், உங்கள் ஃபைலை இன்னும் திறக்கவே இல்லை என்றும் இருக்கலாம். மௌனத்தை வைத்து எதுவும் கண்டுபிடிக்க முடியாது.

அழைப்பு அலை அலையாகத்தான் வரும். நல்ல ஃபைல் வைத்திருக்கும் சிலருக்கு எக்கச்சக்கமான இடங்களிலிருந்து அழைப்பு போகும், அவர்களால் எல்லாவற்றுக்கும் போக முடியாது, சிலவற்றை விடுவார்கள், காலியான அந்த நேரத்துக்கு அடுத்தவரைக் கூப்பிடுவார்கள். இப்படித் தாமதமாக வரும் அழைப்பு இரண்டாம் தர அழைப்பு கிடையாது. இன்டர்வியூ அறையில் யாரும் நீங்கள் எந்த அலையில் வந்தீர்கள் என்று நெற்றியில் எழுதி ஒட்டுவதில்லை.

நம் ஊரிலிருந்து அப்ளை செய்பவர்களுக்கு நேரக் கணக்கு ஒரு தனித் தலைவலி. செப்டம்பரில் நியூயார்க்கில் மதியம் 2 மணிக்குப் போகும் மெயில் சென்னையில் இரவு 11.30-க்கு வரும். பல ப்ரோக்ராம்கள் "இந்தத் தேதிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், முதலில் வருபவருக்கே" என்று லிங்க் அனுப்புகின்றன. காலையில் எழுந்து பார்க்கும்போது வசதியான தேதியெல்லாம் போயிருக்கும். மெயில் வந்தால் மட்டும் சத்தம் போடும்படி போனைத் தயார் செய்துகொள்வதும், ஸ்பாம் பெட்டியைத் தினமும் ஒருமுறை கிளறுவதும் புத்திசாலித்தனம். "என் நிலைமை என்ன" என்று வாரா வாரம் எழுதுவது வேண்டாம். ஐஎன்பிடிஇ தேர்வில் தேறியது, ஒரு கட்டுரை வெளியானது என்று சொல்வதற்குப் புதிதாக ஏதாவது இருந்தால் நாலு வரியில் ஒரு மெயில் போடலாம், தப்பில்லை.

போக முடியாத இன்டர்வியூவை முன்கூட்டியே சொல்லி ரத்து செய்யுங்கள். சொல்லாமல் கொள்ளாமல் விடுவது அடுத்தவர் வாய்ப்பைக் கெடுப்பது, தவிர இது சின்ன உலகம், டைரக்டர்கள் ஒருவரை ஒருவர் அறிவார்கள்.

## மேட்ச் எதற்காக வந்தது?

இன்டர்வியூ முடிந்தால் நல்லவர்களைக் கூப்பிட்டு சீட் கொடுத்துவிடலாமே, நடுவில் ஒரு கம்ப்யூட்டர் எதற்கு? அமெரிக்க மருத்துவமனைகள் ஒரு காலத்தில் அப்படித்தான் செய்தன, அது சந்தைக் கடையானது. நல்ல மாணவரை அடுத்த மருத்துவமனை கொத்திக்கொண்டு போவதற்குள் நாம் பிடித்துவிட வேண்டும் என்று முந்தி முந்தி, 1940-களில் படிப்பு முடிய இரண்டு வருடம் இருக்கும்போதே ஆள் பிடிக்கும் நிலை வந்துவிட்டது. தேதியைக் கட்டுப்படுத்தினார்கள். உடனே சண்டை வேறு வடிவம் எடுத்தது. ஆஃபர் வந்தால் யோசித்துப் பதில் சொல்ல மாணவருக்கு 1945-இல் 10 நாள் கொடுத்தார்கள், 1949-க்குள் 12 மணி நேரமே அதிகம் என்று மருத்துவமனைகள் முறுக்கிக்கொண்டன.

இந்தக் கூத்துக்கு முடிவுகட்டத்தான் 1950-களின் தொடக்கத்தில் மருத்துவ மாணவர்களுக்கு மேட்ச் வந்தது. 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இருவர் இந்த வகைப் பிரச்சினைக்கு ஒரு கணிதத் தீர்வை எழுதினார்கள். பின்னாளில் ஆல்வின் ராத் என்ற பொருளியலாளரும் எலியட் பெரன்சனும் சேர்ந்து மருத்துவ மேட்ச்சைத் திருத்தி, கணக்கு மாணவர் பக்கத்திலிருந்து தொடங்கும்படி மாற்றினார்கள். அது 1998-இல் நடைமுறைக்கு வந்தது. ஷாப்லிக்கும் ராத்துக்கும் 2012-இல் பொருளாதார நோபல் கிடைத்தது. பல் மருத்துவ மேட்ச்சை நடத்துவது நேஷனல் மேட்சிங் சர்வீசஸ் என்ற நிறுவனம், அங்கேயும் இதே கணக்குதான்.

## துண்டு போடுவதுதான் கணக்கு

டவுன் பஸ்ஸில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்போமே, மேட்ச் கிட்டத்தட்ட அதுதான். ஒரே ஒரு வித்தியாசம்: உங்கள் துண்டு கிடக்கும் சீட்டுக்கு இன்னொருவர் வந்து துண்டு போட்டால், அந்த சீட்டுக்காரருக்கு யார் பிடிக்குமோ அவருடைய துண்டு இருக்கும், மற்றது வெளியே வரும். வெளியே வந்தவர் தன் லிஸ்ட்டில் அடுத்த சீட்டுக்குப் போய்ப் போடுவார். எல்லோரும் போட்டு முடித்து இனிப் போட ஆளில்லை என்றான பிறகுதான் உட்கார முடியும். அதுவரை எந்த சீட்டும் உறுதி இல்லை.

சின்ன உதாரணம். கவிதா, டேவிட், சோஃபியா மூன்று பேர். மலை, ஆறு, கடல் என்று மூன்று ப்ரோக்ராம், ஒவ்வொன்றிலும் ஒரு சீட் என்று வைத்துக்கொள்வோம்.

கவிதாவின் லிஸ்ட்: மலை, ஆறு, கடல்.
டேவிட்டின் லிஸ்ட்: ஆறு, மலை, கடல்.
சோஃபியாவின் லிஸ்ட்: மலை, ஆறு. கடல் அவருக்குப் பிடிக்கவில்லை, எழுதவில்லை.

ப்ரோக்ராம்களும் தங்கள் லிஸ்ட்டைத் தனியாகக் கொடுக்கும். மலை: டேவிட், சோஃபியா, கவிதா. ஆறு: கவிதா, சோஃபியா, டேவிட். கடல்: கவிதா, டேவிட், சோஃபியா. ஒருவர் லிஸ்ட் இன்னொருவருக்குத் தெரியாது.

இனி துண்டு. கவிதா மலையில் போடுகிறார், காலி, இருக்கட்டும். டேவிட் ஆற்றில் போடுகிறார், அதுவும் காலி, இருக்கட்டும். சோஃபியா மலையில் போடுகிறார். மலைக்குக் கவிதாவைவிட சோஃபியா பிடிக்கும், கவிதா துண்டு வெளியே. கவிதா தன் இரண்டாவது இடமான ஆற்றுக்குப் போகிறார். அங்கே டேவிட் துண்டு ஏற்கனவே கிடக்கிறது, அதுவும் டேவிட் ஆற்றைத் தன் முதல் சாய்ஸாகப் போட்டவர். ஆனால் ஆறு அதைப் பார்ப்பதில்லை, அதன் லிஸ்ட்டில் முதல் பெயர் கவிதா. டேவிட் வெளியே. டேவிட் மலைக்குப் போகிறார், மலைக்கு டேவிட்தான் முதல், சோஃபியா வெளியே. சோஃபியா ஆற்றுக்குப் போகிறார், அங்கே கவிதா இருக்கிறார், ஆற்றுக்குக் கவிதாதான் மேல். சோஃபியா லிஸ்ட் தீர்ந்தது.

முடிவு: கவிதா ஆறு, டேவிட் மலை, சோஃபியாவுக்கு எதுவும் இல்லை, கடல் சீட் காலி.

## இதிலிருந்து தெரிவது

கவிதா மலையை முதலில் போட்டார், கிடைக்கவில்லை. அதனால் ஆறு அவரைத் தண்டித்ததா? இல்லை. தாமதமாக வந்தாலும் சீட் அவருக்குத்தான். மேலே ஆசைப்பட்டதற்கு இந்தக் கணக்கில் அபராதமே கிடையாது. "முதல் சாய்ஸாகப் போடாவிட்டால் எடுக்காது" என்ற வசனம் இங்கேயே உடைகிறது.

இப்போது கவிதா பயந்துபோய், "கடல் இன்டர்வியூவில் எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள், அங்கே கட்டாயம் கிடைக்கும்" என்று கடலை முதலில் போட்டிருந்தால்? துண்டு கடலில் விழும், யாரும் எடுக்க மாட்டார்கள், அங்கேயே முடிந்துவிடும். ஆறு கிடைத்திருக்க வேண்டியவர் கடலுக்குப் போவார், தான் எதை இழந்தோம் என்று அவருக்குக் கடைசிவரை தெரியக்கூடத் தெரியாது. இந்தத் தப்பில் எனக்கு அதிகம் உறுத்துவது அதுதான், செய்தவருக்கே தெரியாமல் போய்விடுவது.

ஆக, உங்கள் மனதுக்குப் பிடித்த வரிசை எதுவோ அதையே எழுதுங்கள். கிடைக்குமா கிடைக்காதா என்ற யோசனையை லிஸ்ட்டுக்குள் கொண்டுவராதீர்கள். அந்த யோசனைக்கு இடம் எத்தனை ப்ரோக்ராமுக்கு அப்ளை செய்வது என்ற முடிவில் இருக்கிறது.

சோஃபியா கதை வேறு. கடலையும் மூன்றாவதாக எழுதியிருந்தால் அவருக்கு சீட் கிடைத்திருக்கும். அதற்காக எல்லோரும் எல்லாவற்றையும் எழுத வேண்டும் என்றில்லை. மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும், வந்த பிறகு "எனக்கு அந்த ஊர் வேண்டாம்" என்று சொல்ல முடியாது. போக மனமில்லாத இடம் என்றால் எழுதாதீர்கள். சீட் இல்லாமல் ஒரு வருடம் இருப்பதைவிட அங்கே போவது மேல் என்று தோன்றினால் எழுதுங்கள். இந்த ஒரு கேள்விக்கு உண்மையாகப் பதில் தெரிந்தால் லிஸ்ட்டின் அடிப்பகுதி தானாக அமைந்துவிடும்.

## வழுக்கும் இடங்கள்

பாஸ் விண்ணப்பம் போட்டுவிட்டால் மேட்ச்சிலும் சேர்ந்துவிட்டோம் என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, மேட்ச்சுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். இதைத் தவறவிட்டால் எத்தனை இன்டர்வியூ முடித்திருந்தாலும் மேட்ச்சில் உங்கள் பெயரே இருக்காது.

மேட்ச் இரண்டு கட்டமாக நடக்கும். ஆர்த்தோ, பல் மயக்கவியல் போன்றவை முதல் கட்டம். பீடோ, ஓரல் சர்ஜரி, ஜிபிஆர், ஏஇஜிடி இரண்டாம் கட்டம், முடிவு ஜனவரி கடைசி வாக்கில் வரும். முதல் கட்டத்தில் மேட்ச் ஆனவர் இரண்டாம் கட்டத்தில் நுழைய முடியாது. ஆர்த்தோவுக்கும் பீடோவுக்கும் சேர்த்து அப்ளை செய்பவர்கள் இதை மறக்கக் கூடாது. ஆர்த்தோ லிஸ்ட்டில் எழுதும் ஒவ்வொரு பெயரும் பீடோவில் உங்களுக்கு மிகப் பிடித்த இடத்தைவிட மேல் என்று சொல்வதற்குச் சமம்.

இன்டர்வியூ முடிந்து கிளம்பும்போது ஒரு ஆசிரியர் தோளைத் தட்டி "உன்னை எங்களுக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது" என்பார். சந்தோஷப்படுங்கள், ஆனால் லிஸ்ட்டை மாற்றாதீர்கள். ஆர்வத்தைச் சொல்லிக்கொள்ள விதி இடம் தருகிறது, ஆனால் "எங்களை முதலில் போடுவாயா" என்று உறுதிமொழி கேட்கவோ, கொடுக்கவோ இடமில்லை. அவர் சொன்னது பொய் என்றும் இல்லை. அதே வார்த்தையை அன்றைக்கு இன்னும் ஆறு பேரிடம் மனதாரச் சொல்லியிருப்பார்.

## எண்டோ கதை வேறு

எண்டோ இந்த மேட்ச்சில் இல்லை. அங்கே ப்ரோக்ராம் நேரடியாக போன் செய்து சீட் தருகிறது, யோசிக்கக் கொஞ்ச நாள்தான் கிடைக்கும். இரண்டாவதாகப் பிடித்த இடத்திலிருந்து ஆஃபர் வந்துவிட்டது, முதலாவது இடத்தில் இன்டர்வியூ இன்னும் நடக்கவே இல்லை என்றால் என்ன செய்வது? 1940-களில் மருத்துவ மாணவர்கள் மாட்டிக்கொண்ட அதே பொறி. "எங்கே கிடைக்கும்" என்ற கணக்கு இங்கே உண்மையிலேயே செல்லுபடியாகும். எண்டோ சீனியர் சொன்ன அறிவுரையை ஆர்த்தோ ஜூனியர் பிடித்துக்கொள்வதால்தான் பாதிக் குழப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது. மேட்ச்சுக்குப் பதிவு செய்துவிட்டு வெளியே இப்படி ஒரு ஆஃபரை ஏற்றுக்கொண்டால், லிஸ்ட் கொடுக்கும் கடைசித் தேதிக்கு முன்பே மேட்ச்சிலிருந்து விலகிவிட வேண்டும்.

## மேட்ச் ஆகவில்லை என்றால்

முடிவு வந்ததும் எந்தெந்த ப்ரோக்ராமில் சீட் மீதி என்ற பட்டியலும் வரும். நம் உதாரணத்தில் கடல் அந்தப் பட்டியலில் இருக்கும். இனி லிஸ்ட் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது, சோஃபியா கடலுக்கு நேரடியாக போன் செய்து பேசலாம், அங்கே ஏற்கனவே இன்டர்வியூ முடித்தவர் என்றால் பாதி வேலை மிச்சம். ஆர்த்தோ போன்ற துறையில் மீதியாகும் சீட் குறைவு, ஜிபிஆர், ஏஇஜிடியில் வாய்ப்பு கூடுதல். ஓரல் சர்ஜரி கிடைக்காதவர்களுக்கு ஒரு வருட இன்டர்ன்ஷிப் இடங்கள் தனியாக உண்டு, அங்கே ஆபரேஷன் தியேட்டரில் ராத்திரி பகலாக உழைத்து அடுத்த வருடம் அதே சர்ஜன்களின் சிபாரிசுக் கடிதத்தோடு திரும்ப அப்ளை செய்வது நிறையப் பேர் போகும் பாதை. பட்டியல் வெளியான அன்றைக்கே போனை எடுங்கள், அந்த சீட்டுகள் நாள்கணக்கில் காத்திருக்காது. டிரான்ஸ்கிரிப்ட் அறிக்கை, கடிதங்கள், எஸ்ஓபி எல்லாவற்றையும் ஒரே பிடிஎஃப்பாக முந்தின நாள் ராத்திரியே தயாராக வைத்திருங்கள்.